உப்பங்காட்டுச் சிறப்புப் படையில் என் பதவி

உப்பங்காடு என்று ஒரு நாடு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காவல் நிலையத்தில் இந்த ஒரு வரியை முதலில் சொல்லாமல் வேறு என்னென்னவோ சொல்லித் தொலைத்தேன்.

அந்த நாட்டை உண்டாக்கியவர்கள் என் மகளும் அவளுடன் கல்லூரியில் படித்த இரண்டு தோழிகளும். மூவரும் சேர்ந்து ஒரு படக்கதை செய்துவந்தார்கள். ஒருத்தி வரைவாள். ஒருத்தி கதை எழுதுவாள். என் மகள் பொறுப்பு ராணுவம். படிப்பு முடிந்து மூன்று பேரும் மூன்று ஊருக்குப் போன பிறகும் ஃபோனிலேயே நாட்டை நடத்தினார்கள். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே காக்கி உடுப்பின் மேல் ஆசை. காவலர் தேர்வு எழுதி, ஓட்டமும் தாண்டலும் முடித்து, இனி போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும்தான் பாக்கி என்று காத்திருந்த சமயம் அது. உப்பங்காட்டின் சிறப்புப் படைத் தலைமையகம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் உருவானது அப்போதுதான்.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் இருக்கிறேன். யாருக்குக் கீழே யார், யார் விடுப்பை யார் அனுமதிப்பது, ஒருவர் இல்லாதபோது அவர் நாற்காலியில் யார் உட்காருவது என்பதெல்லாம்தான் என் பிழைப்பு. அதனால் மகள் படையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் நானும் உள்ளே போய்விட்டேன்.

"தரைப்படைக்குக் கீழ வராதுய்யா. தனித் தலைமை. கடல் பிரிவு, தரைப் பிரிவு, மீட்புப் பிரிவு, தகவல் பிரிவுன்னு நாலு."

"பூட்ஸ் கிழிஞ்சா யாருத்தா எழுதிக் குடுப்பா?"

"என்னது?"

"நாலு பிரிவும் சண்டைக்குப் போயிருது. பூட்ஸு, அரிசி, லீவு, பென்ஷன் இதெல்லாம் யாரு பாப்பா? நிர்வாகப் பிரிவு எங்க?"

"உங்க அய்யா இல்லாத நாட்டுலயும் ஃபைல் தூக்குவாரு," என்றாள் என் மனைவி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

மறுநாள் ஐந்தாவதாக நிர்வாகப் பிரிவு சேர்ந்தது. மகள் அதற்குத் தனிக் கட்டடமே ஒதுக்கினாள்.

அடுத்த சிக்கல் பெரியது. இவ்வளவு திறமையான படை தன்னிஷ்டத்துக்குக் கிளம்பிவிட்டால் யார் தடுப்பது? தளபதி கையிலேயே எல்லாம் இருந்தால் நாளை அவரே நாட்டைப் பிடித்துக்கொள்வாரே என்று அவள் தோழி கேட்டாளாம். மகள் என்னிடம் கேட்டாள். நான் எங்கள் ஊர்க் கண்மாயைச் சொன்னேன். எங்கள் ஊர் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கண்மாய்த் தண்ணீரை நம்பிய நெல். மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்ப்பாய்ச்சி ஒருவர் வேலை. எத்தனை ஏக்கர் வைத்திருப்பவரானாலும், பயிர் கண்ணெதிரே கருகினாலும், தானாகப் போய் மடையில் கை வைக்கக் கூடாது. வைத்தால் ஊர் கூடிவிடும்.

அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. உப்பங்காட்டுப் படையில் ஒரு பதவி உண்டாக்கினாள். மடைக்காரர். அவருக்கு உடுப்பு இல்லை, துப்பாக்கி இல்லை, பதக்கம் இல்லை. தலைமையகத்துக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருப்பார். அவர் 'திற' என்று சொல்லாமல் ஒரு பிரிவும் நகர முடியாது. தளபதியே போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டும்.

"அந்தப் போஸ்ட்டு உங்களுக்குத்தாய்யா," என்றாள். நான் பெருமையாக மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன்.

பிறகு ஒரு நாள் மதியம் அலுவலகத்துக்கு ஃபோன் வந்தது. கரையோரக் காவல் நிலையம் ஒன்றின் பெயரைச் சொல்லி, "உங்க மகள் இங்கன இருக்கு. உடனே வாங்க," என்றார்கள். அடிபட்டுவிட்டதா என்று கேட்டேன். இல்லை, விசாரணை என்றார்கள். அடிபட்டிருந்தால்கூடத் தேவலை என்று ஒரு கணம் தோன்றியது. பெற்ற மகளைப் பற்றி அப்படித் தோன்றியதை இன்றுவரை மனைவியிடம் சொல்லவில்லை.

அவளிடம் விஷயத்தை மட்டும் ஃபோனில் சொன்னேன். "கேசு போட்டுட்டா வெரிஃபிகேஷன் என்ன ஆகும்?" என்று கேட்டாள். எனக்கும் அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. பெயர் ஒருமுறை வழக்கில் ஏறிவிட்டால் காவலர் வேலை போயிற்று. அவள் ஓடிய ஓட்டமெல்லாம் போயிற்று. பைக்கை ஓட்டிக்கொண்டு போனபோது இருபுறமும் கருவேலங்காடு வெயிலில் அசையாமல் நின்றது.

நிலையத்தில் மகள் சுவரோரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலில் கடல்மண் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். உடனே உட்கார்ந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். மேசை மேல் மகளின் ஃபோன் இருந்தது.

"நீங்கதான் மடைக்காரரா?" என்று கேட்டார்.

"இந்த ஃபோன்ல இருக்கு. 'மடைக்காரர் சொல்லாம படகு கிளம்பக் கூடாது.' யாரு மடைக்காரர்னு கேட்டேன். எங்க அய்யான்னு சொல்லுது உங்க புள்ள."

இந்த இடத்தில்தான் நான் அப்படி ஒரு நாடே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இத்தனை வருடம் பழகிப்போனது வேறு. மேலதிகாரி கேட்டால் அமைப்பை விளக்குவேன். "மேடம், மடைக்காரர் ஆணை போடுறவர் இல்ல, அனுமதி மட்டும்தான். ஆணை தளபதிகிட்ட. தளபதிக்குக் கீழ அஞ்சு பிரிவு. கடல் பிரிவுல மூணு குழு. ஒரு குழு எப்பவும் கரையில இருக்கணும்..." என்று ஆரம்பித்துவிட்டேன். சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. அருகிலிருந்த காவலர் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது, வாய் நிற்கவில்லை. நிர்வாகப் பிரிவின் விடுப்பு விதிவரைக்கும் போய்விட்டேன்.

"எந்த நாட்டுப் படை சார் இது?"

"உப்பங்காடு, மேடம். அப்படி ஒரு நாடு இல்ல. கதை. பிள்ளைகள் படக்கதை."

"இல்லாத நாட்டுக்கு இவ்வளவு விவரமா?"

"இல்லாத நாடுங்கிறதாலதான் மேடம். எல்லாத்தையும் நாமளே போட வேண்டியிருக்கு."

அவர் ஃபோனை எடுத்து மகளிடம் கொடுத்துப் படங்களைக் காட்டச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிராமலே, "பெண்களும் இருக்காங்களா உங்க படையில?" என்றார்.

"பாதிப் பேர் மேடம்," என்றாள் மகள்.

"தனி பேரக்ஸ்?"

"இருக்கு மேடம். பாத்ரூமும் இருக்கு. தண்ணியும் வரும்."

காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஆனால் அறைக்குள் ஏதோ ஒன்று இளகியதாக எனக்குத் தோன்றியது. வாசலில் நின்ற ஒருவரை உள்ளே கூப்பிட்டார். பெரியபட்டினத்துப் படகுக்காரர். வெள்ளைத் தொப்பி, கைலி. தகவல் கொடுத்தவர் அவர்தான்.

"இந்தப் புள்ள என்ன கேட்டுச்சுன்னு இவருகிட்டயும் சொல்லுங்க."

"வந்தோடன ஆழந்தான் கேட்டுச்சு மேடம். 'அண்ணே, இங்கன எவ்வளவு ஆழம் கெடக்கு?'ன்னு. பெறவு, 'கரைக்கு எம்புட்டுக் கிட்டத்துல படகு வரும், பத்து ஆளு ஏறுனா இறங்குமா'ன்னு கேட்டுச்சு. ரோந்துப் படகு எந்தப் பக்கம் போகும்னும் கேட்டுச்சு. எங்களுக்கு மீட்டிங் போட்டுச் சொல்லியிருக்காக, இப்படிக் கேட்டா தகவல் குடுக்கணும்னு."

கதை எழுதும் தோழி மகளைக் கிண்டல் செய்திருக்கிறாள், உன் கடல் பிரிவு முழங்கால் தண்ணீரில் நிற்கிறதா கழுத்துத் தண்ணீரில் நிற்கிறதா என்று. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவள் பஸ் ஏறிக் கரைக்குப் போயிருக்கிறாள். மற்ற கேள்விகள் கதைக்கானவை. முதல் கேள்வி அப்படியல்ல. அது எங்கள் ஊர்க் கேள்வி. எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும், சாப்பிட்டாச்சா என்பதற்கும் முன்னால், "கண்மாயில எவ்வளவு ஆழம் கெடக்கு?" என்றுதான் கேட்போம். கல்யாண வீட்டில் கேட்போம், துக்க வீட்டிலும் கேட்போம். தண்ணீரைப் பார்த்தால் ஆழம் கேட்பது எங்களுக்கு மரியாதை. அந்த மரியாதையைக் கடலிடம் போய்க் காட்டியிருக்கிறாள்.

இதைச் சொன்னேன். படகுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க கரையில ஆழம் கேக்குறது ரெண்டே ஆளுதான். ஒண்ணு தொழில்காரன். இன்னொண்ணு, வெளிய சொல்ல முடியாத தொழில்காரன். உங்க புள்ள கையைப் பாத்தேன், வலை இழுத்த கை இல்ல. பெறகு நான் என்னத்த நெனைக்கிறது?"

"சரியாத்தான் நெனச்சிருக்கீங்க," என்றேன். மனதார அப்படித்தான் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வழக்குப் போடவில்லை. மகள் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். "விசாரிச்சு அனுப்பினேன்னு ஒரு பதிவு இருக்கும். நான் அதைப் போடாம இருக்க முடியாது," என்றார். மகளின் காவலர் வேலைக்கு வெரிஃபிகேஷன் பாக்கி இருப்பதைச் சொல்லி, அதை இது பாதிக்குமா என்று கேட்டேன். "பாக்குற ஆபீசரைப் பொறுத்தது," என்றார். பிறகு மகளிடம், "உள்ள வர்றதுக்கு முன்னாடியே ஸ்டேஷனைப் பாத்துட்டம்மா நீ," என்றார். அது வாழ்த்தா எச்சரிக்கையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் படகுக்காரர் அருகில் வந்தார். "தப்பா நெனைக்காதீக. வேலை கெடைக்க துஆ செய்யிறேன்," என்றார். மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊர் எல்லை வந்ததும், "படையைக் கலைச்சிட்டேன்யா," என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து. மடைக்காரரைக் கேட்காமலா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்து வெரிஃபிகேஷனுக்காக ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தார். மகளிடம் ஏதாவது வழக்கு உண்டா என்று கேட்டார். இல்லை, ஒரு முறை விசாரணைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள் என்று அவளே சொன்னாள். எந்த நிலையம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பேனா ஓடி முடியும்வரை என் மனைவி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீ குடித்து முடித்துவிட்டு வாசலுக்கு வந்தவர் கண்மாய்க் கரையைப் பார்த்தார். மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தது. "பரவால்லயே. எவ்வளவு ஆழம் கெடக்கு?" என்றார்.

எங்கள் ஊரில் பேசப் பழகும் குழந்தைக்கும் தெரிந்த பதில். மகள் தினமும் விடிந்ததும் அந்தக் கரையில்தான் ஓடுகிறாள். மடைக்கல்லில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். இது சும்மா கேட்கிற கேள்வியா, இதற்கும் ஏதாவது பதிவு இருக்குமா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

"தெரியல சார்," என்றாள் அவள்.

காவலர் எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிப் போனார். நியமன உத்தரவு இன்னும் வரவில்லை.