ஆறு விநாடி

எங்கள் மருத்துவமனையில் ஸ்கேன் அக்காவைப் போலக் கறாரான ஆள் கிடையாது. இடுப்பில் பெல்ட் இருந்தால் தலைமை மருத்துவரையே வாசலில் நிறுத்திவிடுவார். இருபது வருடமாக ஸ்கேன் எந்திரத்தின் காந்த உருளைக்குள் ஆட்களை அனுப்பி, மூளையில் எங்கே நிறம் ஏறுகிறது என்று பார்ப்பவர். நான் அடுத்த அறையில், தலையில் வயர் ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்பவன்.

"நீங்க பாக்குறது ரத்தத்தத்தான், அக்கா. கரண்ட் வேலைய முடிச்சிட்டுப் போன பெறகுதான் ரத்தமே அங்க வந்து சேருது" என்று சீண்டுவேன்.

"மூளையில எங்கன்னு கேட்டா உன் வயருக்குத் தெருதான் தெரியும், வீடு தெரியாது. போடா" என்பார்.

குரல் காதில் விழுந்து ஐந்தாறு விநாடி கழித்தே மூளையின் கேட்கும் பகுதியில் ரத்தம் கூடி நிறம் ஏறும். பதிவில் அந்த ஆறாம் விநாடியை மட்டும் அக்கா தூக்கத்தில்கூடச் சரியாக வெட்டி எடுத்துப் பார்ப்பார்.

மூளையில் ரத்தக் குழாய் அடைத்து அசைவற்றுக் கிடந்த லாரி ஓட்டுநருக்கும் அப்படித்தான் வெட்டினார். மனைவி மைக்கில் "என்னங்க" என்று பல முறை கூப்பிட்டார். நிறம் ஏறவில்லை. அவருக்குக் காது கேட்கவில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, சிகிச்சையை நிறுத்தலாமா என்ற பேச்சு வந்தபோது அவரை என்னிடம் அனுப்பினார்கள். அந்த "என்னங்க"வை அறுபது முறை ஒலிக்கவிட்டேன். குரல் விழுந்த கணமே அலை எழுந்தது. வேறொரு பெண்ணின் குரலுக்கு அலை சிறிதாகவே இருந்தது.

"வயர் லூசா இருக்கும்" என்று எரிந்து விழுந்தார் அக்கா. ஆனாலும் பழைய பதிவைத் திறந்தார். ஆறாம் விநாடியில் ஒன்றுமில்லை. பன்னிரண்டில், மங்கலாக, ஒவ்வொரு முறையும் நிறம் இருந்தது. அடைத்த குழாயில் ரத்தம் நொண்டிக்கொண்டுதான் வரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நல்ல குழாயின் கணக்கை அக்கா இந்த நோயாளிக்குப் போட்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி எத்தன பேர இப்படி வெட்டினேனோ" என்றார் அக்கா.

மருத்துவரிடம் தானே போய், "தப்பு என்னோடது" என்றார். சிகிச்சை தொடரும் என்று முடிவானது. பிறகு, வராந்தாவில் இருந்த மனைவியிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"அவருக்கு உங்க குரல் கேக்குதும்மா. எவ்வளவு புரியுதுன்னு எங்க மெஷினு சொல்லாது. ஆனா உங்க குரல்னு தெரியுது."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "எப்போலேருந்து?"

"மொத நாள் எடுத்ததுலயே இருக்கு. நான்தான் பாக்கல."

அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"கேக்காதுன்னு சொன்னீங்களே. போன வாரம் அவர் காதுகிட்டயே குனிஞ்சு சொன்னேன். என்னால முடியல, நீங்க போய்ச் சேந்துருங்கன்னு."

அக்கா அவருடைய கையைப் பிடித்து எழுப்பி, கணவர் இருந்த அறைக்கு அழைத்துப் போனார். அந்த அம்மா கதவு வரை வந்தார். உள்ளே போகவில்லை.