கரெக்டு மாட்டிய ஸ்பீக்கர்கள்

என் மனைவியின் அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று, நாங்கள் வைத்த பெயர் ஒன்று. நாங்கள் வைத்தது ‘கரெக்டு’. தான் செய்தது தப்பு என்று அந்த மனிதர் மருந்துக்குக்கூட ஒருமுறை சொன்னதில்லை. எங்கள் சமையலறையில் அவர் மாட்டிய அலமாரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. கேட்டால், “அலமாரி நேராத்தான் இருக்கு, உங்க தரைதான் சாய்ஞ்சிருக்கு” என்பார். பஸ் மாறி ஏறிவிட்டால் போர்டு எழுதினவன் தலை உருளும். தொழில், லிஃப்ட் மெக்கானிக். பழுதான சாமான் எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. ஐம்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏதோ ஒரு பெண் செய்த புண்ணியம் என்பாள் என் மனைவி.

நான் ஒரு ஹோட்டல் கூடத்தில் குழுவோடு கிதார் வாசிக்கிறவன். கிதாரின் சத்தத்தைப் பெருக்கும் என் ஆம்ப் என்னைவிட வயதில் மூத்தது, வால்வு போட்ட பழைய பெட்டி. போன வருஷம் ஒரு நாள் காலையில் எழுந்தபோது என் இடது காதில் இரைச்சல் மட்டும்தான் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. டாக்டர் வலது காதையும் சோதித்துவிட்டு, “இது இப்போதைக்கு நல்லா இருக்கு. இதுலயும் வந்தா, கனமான சத்தம்தான் முதல்ல குறையும். அப்படித் தோணிச்சுன்னா உடனே வாங்க” என்றார். அந்த ஒரு காதை வைத்துக்கொண்டுதான் வாசித்து வந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆம்பின் இரண்டு ஸ்பீக்கர்களும் நைந்து கிழிந்தன. கரெக்டு தானாகவே வந்து வேலையை எடுத்துக்கொண்டார். ஒன்று கடையில் வாங்கிய புதுசு. இன்னொன்று அவருடைய மூட்டை முடிச்சுக்குள் கிடந்த, வேறொரு பழைய பெட்டியில் கழற்றியது.

“ரெண்டும் எட்டு ஓம், மாப்ளே. பக்கம் பக்கமா இணைச்சா நாலு. உங்க பெட்டி கேக்கறதும் நாலு. இந்தக் கணக்கு பிசகினா உள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் வெந்துடும்” என்று மீட்டரை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினார். கணக்கு பிசகவில்லை. சிவப்புப் புள்ளியில் சிவப்பு ஒயர், மற்றதில் கறுப்பு என்று வைத்து ஈயம் உருக்கி ஒட்டினார்.

வாசித்துப் பார்த்தேன். மெல்லிய தந்திகள் கேட்டன. தடித்த தந்தியை மீட்டினால் சத்தத்தில் கனம் இல்லை, வெறும் தோல் மட்டும் வந்தது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது.

“நல்லாத்தானே இருக்கு?” என்றாள் மனைவி.

அவளுக்கு நல்லா இருக்கிறது, எனக்கு இல்லை என்றால் கோளாறு எங்கே என்று யாரிடம் போய்க் கேட்பது? “பிரமாதம், மச்சான்” என்று சொல்லிவிட்டேன். ரேடியோவில் பாட்டு கேட்டுச் சோதித்தேன். அது உள்ளங்கையளவு ரேடியோ, அதில் என்றைக்குமே கனம் கிடையாது. டாக்டரிடம் போகவில்லை. போனால் உறுதியாகிவிடும். சில நாட்கள் இப்படியே புழுங்கிவிட்டு, குழுத் தலைவருக்குப் போன் போட்டு, காது போகிறது, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் வருத்தப்பட்டார். ஆனாலும் பார்க்கிறேன் என்றார்.

அன்று மாலை கரெக்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் மாட்டும் துணிச்சட்டத்தோடு வந்தார். ஆம்பை விற்கப்போகிறேன் என்றதும் முகம் சிவந்துவிட்டது.

“ஏன், என் வேலையில என்ன குறை?”

“உங்க வேலையில குறை இல்ல மச்சான். தடிச்ச தந்தி எனக்குக் கேக்கல. இந்தக் காதும் போகுது.”

அவர் ஆம்பின் முன்னால் உட்கார்ந்தார். டார்ச்சைப் பிரித்து செல்லை எடுத்தார். ஸ்பீக்கர்களின் ஒயர்களைக் கழற்றிவிட்டு, செல்லிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து, சிவப்புப் புள்ளியில் ஒன்றும் மற்றதில் ஒன்றுமாகத் தொட்டார். புது ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளியது. பழையதை அதேபோலத் தொட்டார். அது உள்ளே இழுத்தது. மறுபடி தொட்டார், மறுபடி இழுத்தது. பழையதைச் செய்தவர்கள் புள்ளியை அந்தக் காலத்து வழக்கப்படி தலைகீழாக வைத்திருக்கிறார்கள். ஒன்று தள்ள, ஒன்று இழுக்க, கனமான சத்தத்தை இரண்டும் சேர்ந்து விழுங்கிக்கொண்டிருந்தன.

ஸ்பீக்கரைச் செய்தவன் மேல் பழி போட இதைவிட நல்ல வாய்ப்பு அவருக்கு வாய்க்காது. நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால், வழக்கமான பேச்சு, என்னைத் தேற்றப் பார்க்கிறார் என்று நினைத்து நம்பியிருக்கவே மாட்டேன்.

அவர் சமையலறைப் பக்கம் திரும்பித் தங்கையைக் கூப்பிட்டார். “இங்க வா. உன் புருஷன் காதுக்கு ஒண்ணுமில்ல. செல்லு வச்சுப் பாத்துட்டு மாட்டியிருக்கணும், நான் பாக்கல. தப்பு என்னோடது.”

அவள் கரண்டியோடு வந்து நின்றாள். அண்ணன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கேலி செய்ய வாய் வரவில்லை, கண்தான் நிறைந்தது. அந்த நொடியில் எனக்குத் துளி சந்தேகமும் மிச்சமில்லை. அந்த வாயிலிருந்து வந்தால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய ஸ்பீக்கரில் ஒயரை மாற்றி ஒட்டினார். தடித்த தந்தியை மீட்டினேன். மேஜைமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அவர் அதோடு விடவில்லை. என் போனை வாங்கிக் குழுத் தலைவரை அழைத்தார். “மாப்ளைக்குக் காது நல்லா இருக்கு. வேற ஆளெல்லாம் வேணாம். நான்தான் ஸ்பீக்கர மாத்தி மாட்டிட்டேன்… ஆமா, நான்தான்… அட, எத்தனை தடவைங்க சொல்றது, தப்பு என்னோடது!” போனை வைத்தபோது அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

“எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மச்சான்” என்றேன்.

“எதுக்கு? தப்பா மாட்டினதுக்கா?” என்று எரிந்து விழுந்தார்.

“ஆமா மச்சான். அதுக்குத்தான்.”