நாற்பத்தேழாம் பக்கம்

நான் ஜெராக்ஸ் கடைக்காரன். அஞ்சாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் இந்தத் தெருவில் என்னளவுக்குப் பாடப்புத்தகம் புரட்டியவன் கிடையாது. பக்க எண் சரியா என்று பார்க்கத்தான்.

டீச்சரம்மா என்றுதான் தெருவே கூப்பிடும். எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்தவரில்லை. எட்டாவது போக வேண்டிய பெண்ணையும் ஆறாவது போக வேண்டிய பையனையும் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். கணக்கு, அறிவியலுக்கெல்லாம் ஒரே வாரத்தில் புத்தகம் அமைந்துவிட்டது. எழுத்துப் பயிற்சிக்குத்தான் எந்தப் பாடத்திட்டமும் ஒத்துவரவில்லை. பென் டிரைவில் கொண்டுவருவார், மாதிரி அச்செடுத்துக் கொடுப்பேன். நின்றபடியே புரட்டி, ஓரிடத்தில் மூலையை மடித்து, "சரிப்படாதுண்ணே" என்று வைத்துவிட்டுப் போவார். இப்படி அஞ்சு.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு நொட்டை சொல்ல மாட்டாங்கம்மா."

"அவங்களுக்கு ஒரு நாள் கூத்து. எனக்கு வருஷம் பூராண்ணே."

ஆறாவதாகக் கொண்டுவந்த பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டார். "மூணு போடுங்க."

"பிள்ளைங்க ரெண்டுதானே?"

"பெரியவனுக்கு ஒண்ணு. நாப்பத்தேழாம் பக்கத்த மட்டும் எடுத்துருங்க. மூணுலயும்."

"பின்னால நாப்பத்தெட்டும் சேந்து போயிருமே."

"போகட்டும்."

மதியம் சாப்பிடும்போது வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்தப் பெரியவன்? பள்ளிக்கூடத்துல சுற்றுலா கூட்டிட்டுப் போன எடத்துல ஆத்தோட போனானே, அவனா? மூணு வருஷமாச்சு, நாம இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி. அதுக்கப்புறந்தான அந்தம்மா மத்த ரெண்டையும் வெளிய விடல."

பாதிச் சாப்பாட்டில் கை கழுவினேன்.

கடைக்கு வந்து, கழித்துப் போட்ட அஞ்சையும் பிரித்து மடித்த மூலைகளைப் பார்த்தேன். 'உன் அண்ணன் தம்பிகளைப் பற்றி எழுது.' 'இனிப் பார்க்க முடியாத ஒருவருக்குக் கடிதம் எழுது.' எல்லாம் அதே சங்கதி. நாற்பத்தேழில் இருந்தது: 'உன் வீட்டில் காலியாக இருக்கும் ஓர் இடத்தைப் பற்றி எழுது.'

எடுத்த மூன்று தாளையும் குப்பையில் போடக் கை வரவில்லை. டிராயரில் வைத்தேன். கிளிப் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அந்த வரி என்னையே பார்த்தது.

புத்தகங்களைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். மேஜையைச் சுற்றி நாலு நாற்காலி. அந்தம்மா மூன்றாவது புத்தகத்தை ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் வைத்து நேராக்கினார். அங்கே ஒரு பென்சில், கூராகச் சீவியிருந்தது. பாதிக்குமேல் குறைந்துவிட்டது. பிள்ளைகள் தலை நிமிரவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்தாள்.

"மாமா, நாப்பத்தாறுக்கு அப்புறம் நாப்பத்தொம்பது வருது."

"மெஷின் முழுங்கியிருக்கும்."

"மூணு புத்தகத்துலயும் அதே தாளையா? நல்ல மெஷின்தான்."

நான் கிளிப் டப்பாவை நகர்த்தி வைத்தேன்.

"முன்னால பாடப் பட்டியல்ல 'காலி இடம்'னு இருக்கு. நான் எழுதிட்டேன். கேள்விதான் இல்ல."

பட்டியலைப் பார்க்காமல் விட்ட மடையன் நான். அவள் நாலு தாளை நீட்டினாள். முதல் வரி மட்டும் படித்தேன். 'எங்கள் வீட்டில் யாரும் எழுதாமலே ஒரு பென்சில் தேய்கிறது.'

"எழுதியாச்சுல்ல, அப்புறம் கேள்வி எதுக்கு?"

"கேள்வி இருந்தா பாடம்னு சொல்லி அம்மாகிட்ட குடுக்கலாம். இல்லேன்னா நானா எழுதினதா ஆயிரும். அண்ணன் பேச்ச நாங்களா எடுக்கக் கூடாது மாமா."

அந்தம்மா எடுக்கச் சொன்னது ஒரு பக்கம், இந்தப் பிள்ளை கேட்பது ஒரு பக்கம். டிராயரைத் திறந்தேன். ஒரு தாளைக் கொடுத்தேன்.

ரெண்டு நாள் அந்தம்மா இருக்கும் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார். கண் வீங்கியிருந்தது. திட்டுவார் என்று நின்றேன். மூன்றாவது புத்தகத்தையும் மகளின் நாலு தாளையும் கவுண்டரில் வைத்தார்.

"அந்தப் பக்கம் இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா."

"அதையும் இதையும் சேத்துப் போட்டுக் குடுங்க. பெரியவனும் படிக்கட்டும்."

சுருள்கம்பியைக் கழற்றித் தாள்களைப் பிரித்தேன். நாற்பத்தாறுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் நடுவிலிருந்து பென்சில் சீவல் கொத்தாகக் கொட்டியது. ஊதித் தள்ளப் போனேன்.

"இருக்கட்டும்ணே" என்று உள்ளங்கையில் வழித்து எடுத்துக்கொண்டார்.