சுவர் வெடிப்பில் ஒரு புளியங்கொட்டை

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் சுவர் மூலைகளைத்தான் தேடும். கல்யாண மண்டபமாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, வெடிப்பு இருக்கிறதா, இருந்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்த பிறகுதான் உட்காருவேன். அதுவும் கதவுக்குப் பக்கத்தில். இன்ஜினியரம்மா செக்கிங் முடிக்கட்டும், அப்புறம் பந்தியில் உட்காரலாம் என்று என் கணவர் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. ஏறக்குறைய முப்பது வருஷமாக நான் யாரிடமும் அதை முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் ஊர் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கோயமுத்தூர் ஜில்லாவை ஒட்டி இருக்கிறது. ஒரு கடைவீதி, அதன் முனையில் செக்போஸ்ட், அதைத் தாண்டி மூடிக் கிடந்த ரைஸ்மில், அப்புறம் இடி விழுந்து தலை போன ஒற்றைப் பனை, கடைசியில் பள்ளிக்கூடம். வெளியூர்க்காரர்கள் வழி கேட்டால் இந்த நான்கையும் சொல்லித்தான் அனுப்புவார்கள். மற்றவர்களுக்கு அவை அடையாளம். எனக்கு ஒவ்வொன்றும் ஒரு கண்டம். செக்போஸ்ட்டின் குறுக்குக் கம்பு நான் அடியில் போகும்போதுதான் இறங்கும் என்று நம்பி, குனிந்து ஓடுவேன். ரைஸ்மில் புகைபோக்கிக்குள் புறாக்கள் முனகுவதை யாரோ வயிற்றுவலியில் கிடக்கிறார்கள் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொள்வேன். இடி விழுந்த மரத்தைத் தேடி மறுபடியும் இடி வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மேகம் கறுத்திருந்தால் பனையைச் சுற்றிக்கொண்டு காட்டு வழியாகப் போய், முழங்கால் வரைக்கும் கரிசல் சேறோடு வகுப்பில் நிற்பேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அதில் எனக்கு வெட்கம் கிடையாது. வெட்கம் வேறு ஒன்றில்தான்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு கட்டடங்கள். ரோட்டுப் பக்கம் இருந்த, கான்கிரீட் கூரை போட்ட தார்சுக் கட்டடம் மலையாளப் பிரிவுக்கு. பின்னால் இருந்த பழைய ஓட்டுக் கட்டடம் எங்கள் தமிழ்ப் பிரிவுக்கு. மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சு, பனைமரச் சட்டங்களான பனங்கை மேல் ஓடு. நீளமான ஒரே கூடத்தில் மூங்கில் தட்டி வைத்து நான்கு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு மேற்குக் கோடியில், தட்டிக்கு இந்தப் பக்கம் நான்காம் வகுப்பு. ஆனியிலும் ஆடியிலும் கணவாய்க் காற்று மேற்கேயிருந்து வந்து அந்தச் சுவரில்தான் மோதும். அப்போது ஓடுகள் பல்லைக் கடிப்பதுபோலச் சத்தம் போடும். நான் எழுதுவதை நிறுத்திவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் நான்காம் வகுப்புக்குப் போன வருஷம் தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். கேரளத்துப் பள்ளிகளில் ஆறாம் வேலை நாள் என்று ஒன்று உண்டு. பள்ளி திறந்து ஆறாவது நாள் கல்வி ஆபீசர் வந்து எண்ணும்போது எத்தனை தலை இருக்கிறதோ அதுதான் அந்த வருஷத்துக் கணக்கு. தலை குறைந்தால் டிவிஷன் போய்விடும், டீச்சர் வேறு எங்காவது போக வேண்டும், பிள்ளைகள் மலையாளப் பிரிவிலோ எல்லை தாண்டி பஸ் ஏறியோ படிக்க வேண்டும். அதனால் ஒன்றுக்கும் நான்குக்கும் சேர்த்துப் பாடம் எடுத்த எங்கள் டீச்சர் அந்தச் சித்திரை வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்து மோர் குடித்தார். மூன்றாவது தடவை அப்பா என் தங்கையைச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அவளுக்கு அப்போது ஐந்து வயதுகூடச் சரியாக நிறையவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான் சேர்ந்தாள். புதிதாகக் காது குத்தி, ஓட்டையில் வேப்பங்குச்சி செருகியிருந்த சின்னப் பெண். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், மேற்குச் சுவரில் முதுகு படுகிற மாதிரி உட்கார்ந்தார்கள்.

அந்தச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. பனங்கை உட்கார்ந்த இடத்தில் தொடங்கி, கோணலாக இறங்கி, என் தங்கையின் தோளுக்குப் பக்கத்தில் முடிந்தது.

எங்கள் ஊரில் வெடிப்பைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். கரிசல் மண் கோடையில் பிளக்கும், மழையில் உப்பும். அதோடு சேர்ந்து சுவர்களும் பிளந்து மூடும். எங்கள் வீட்டுச் சுவரிலும் உண்டு. அப்பா ஒவ்வொரு கோடையிலும் அதில் ஒரு புளியங்கொட்டையைச் செருகி வைப்பார். மழை தொடங்கியதும் தினமும் விரலால் அசைத்துப் பார்ப்பார். கொட்டை அசையாமல் இறுகிவிட்டால் மண் போதுமான அளவு குடித்துவிட்டது என்று கணக்கு, கடலை விதைக்கக் கிளம்பிவிடுவார். ஊரில் இன்னும் சில வீடுகளிலும் இந்தப் பழக்கம் இருந்தது.

பள்ளி திறந்த முதல் நாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பள்ளிச் சுவர் வெடிப்பிலும் ஒரு கொட்டையைச் செருகினேன். தைரியத்துக்காகத்தான். இறுகிவிட்டால் என் பயம் அடங்கும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் வீட்டுக் கொட்டையை அசைத்தேன், நகரவில்லை. சந்தோஷமாகப் பள்ளிக்கு ஓடினேன். அங்கே கொட்டையைக் காணோம். உள்ளே விழுந்துவிட்டிருந்தது. பொறுக்கி எடுத்த கொட்டை சின்னதாக இருந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, உரிக்காத ஒரு தோட்டுக் கடலையை அழுத்தி வைத்தேன். ஐந்தாம் நாள் அதுவும் இல்லை. வெடிப்பில் கண்ணை வைத்துப் பார்த்தேன். வெளியே நிற்கிற வேப்பமரம் தெரிந்தது.

மற்ற சுவரெல்லாம் மூடிக்கொண்டிருக்கிறது, இது மட்டும் திறந்துகொண்டிருக்கிறது. சுவர் வெளிப்பக்கம் சாய்கிறது என்பது ஒன்பது வயதுக்கும் புரிந்தது. சுவர் போனால் பனங்கையும் ஓடும் எந்தப் பக்கம் விழும் என்பதும் புரிந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சிரித்தார்.

"கரிசக்காட்டுல வெடிக்காத சொவரு எங்கிருக்குது கண்ணு? மழை பேஞ்சாத் தானா மூடிக்கும்."

மூடவில்லை என்றேன். அப்படியானால் அந்தப் பக்கம் இன்னும் மழை பற்றவில்லை என்றார். என் பயங்களை அவர் ரைஸ்மில் புறாக் காலத்திலிருந்து பார்த்துவருகிறவர். இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்.

மறுவேலை நாள்தான் ஆறாம் நாள். காலையிலேயே டீச்சரிடம் போய், கடலை விழுந்ததையும் வேப்பமரம் தெரிந்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. என் தோளைப் பிடித்துத் தட்டியின் மறைவுக்கு அழைத்துப்போனார்.

"இன்னைக்கு ஒரு நாள் தாண்டட்டும் கண்ணு. அப்புறம் நானே எழுதிக் குடுக்கறேன். ஆபீசர்கிட்ட ஒண்ணும் சொல்லிப் போடாதே."

அப்படியென்றால் டீச்சருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே பெஞ்சை அங்கே போட்டிருக்கிறார். இன்று யோசித்தால் அவர்மேல் கோபம் வருகிறது, அப்புறம் அடங்கியும் விடுகிறது. அந்த நாள் எண்ணிக்கையில் அவருடைய வேலை இருந்தது, நாங்கள் தமிழில் படிப்பதும் இருந்தது. கட்டடம் சரியில்லை என்று ஒரு வார்த்தை கிளம்பினால், பிள்ளைகளையெல்லாம் மலையாளப் பிரிவில் உட்கார வையுங்கள் என்று சொல்லிவிடுவார்கள் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது. என் பயம் ஒரு சுவரைப் பற்றியது. அவர்கள் பயம் அதைவிடப் பெரிது என்று அவர்கள் நினைத்தார்கள்.

பதினொரு மணி வாக்கில் ஆபீசர் வந்தார். நல்ல மனிதர். மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். வகுப்பு வகுப்பாக எழுப்பி நிறுத்தி எண்ணினார். ஒன்றாம் வகுப்பை எண்ணும்போது நான் தட்டிக்கு மேலே எட்டிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"எந்தா மோளே, பேடியுண்டோ?"

பயமாக இருக்கிறதா என்று கேட்கிறார். அவ்வளவுதான் கேள்வி. டீச்சர் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். தங்கை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காதுக் குச்சியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று தலையாட்டினேன். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் பயப்பட்ட நான், கேட்ட ஒரே ஒரு நாள் பயமில்லை என்று சொன்னேன்.

எண்ணிக்கை சரியாக வந்தது. ஆபீசர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்.

மத்தியானம் கஞ்சியும் சிறுபயறும் குடித்தபின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெஞ்சிலேயே தலை சாய்த்துத் தூங்கச் சொல்வார்கள். அன்று காற்று ஏறிக்கொண்டே வந்தது. ஓடு ஒன்று சரிந்து வெளியே விழுந்து உடைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெடிப்பிலிருந்து சுண்ணாம்புப் பொடி தங்கையின் முடியில் உதிர்வதைத் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. டீச்சரிடம் போய், அம்மா தங்கையைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் வரச் சொன்னார்கள், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றேன். பச்சைப் பொய். டீச்சர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், போ என்று கையசைத்தார்.

தங்கையை உலுக்கி எழுப்பி இறக்கினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் விழித்துக்கொண்டது. இரண்டு பேரும் கைகோத்துத் தூங்கியிருந்தார்கள்.

"நானும் வரட்டுங்களாக்கா?"

எங்கள் வீட்டு விருந்தாளிக்கு அவளை எதற்குக் கூட்டிப்போவது? இரண்டு பேரை இழுத்தால் பொய் நிற்காது, டீச்சர் மூன்று பேரையும் உட்கார வைத்துவிடுவார். இதையெல்லாம் நான் அப்போது யோசித்தேன். ஒரு நொடியில் தெளிவாக யோசித்தேன். கோத்திருந்த கைகளைப் பிரித்தேன்.

"நீ உக்காரு," என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். நான் தங்கையை இழுத்துக்கொண்டு பனை, ரைஸ்மில், செக்போஸ்ட் எதற்கும் பயப்படாமல் ஓடினேன். பின்னால் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் காது கேட்டுக்கொண்டே வந்தது. அன்று கேட்கவில்லை. சாயங்காலம் அந்தப் பிள்ளை பத்திரமாக வீட்டுக்கு வந்து, எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். பொய் சொன்னதற்கு அம்மா எனக்கு இரண்டு அடி போட்டு, மறுநாள் இருவரையும் திரும்ப அனுப்பினார். அந்த நாள் முழுக்க நான் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் கலெக்டர் லீவு விட்டார். மண்ணார்க்காட்டுப் பக்கம் எங்கோ கொட்டிய மழைக்கு ஜில்லா முழுவதும் லீவு. எங்கள் ஊரில் தூறலும் காற்றும் மட்டும்தான். பதினொரு மணிக்கு மேல், பிள்ளைகள் ரோட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது, லோடு மண் கொட்டினாற்போல ஒரு சத்தம் கேட்டது. மேற்குச் சுவர் வெளியே சரிந்து, பனங்கையும் ஓடும் ஒன்றாம் வகுப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். அந்தப் பெஞ்சு இரண்டாக ஒடிந்து கிடந்தது. சாமி காப்பாற்றியது என்று சொல்லிப் பெரியவர்கள் கும்பிட்டார்கள். அப்பா என் தலையில் கை வைத்தார். டீச்சர் ஓட்டுக் குவியலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதார். அந்தக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை மட்டும் பெஞ்சைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே ஊர் மறந்துவிட்டது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் டிவிஷனும் நிலைத்தது, இரண்டு வருஷத்தில் புதுக் கட்டடமும் வந்தது. செக்போஸ்ட்டை எடுத்துவிட்டார்கள், ரைஸ்மில் கல்யாண மண்டபமாகிவிட்டது. பனை மட்டும் தலையில்லாமல் இன்னும் நிற்கிறது. அவளும் நானும் அதே ஊரில் வாழ்க்கைப்பட்டோம். பால் சொசைட்டியில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவோம், விலைவாசி பேசுவோம். அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவளுக்கு நினைவிருக்காது என்று நான் நம்ப விரும்பினேன். ஐந்து வயதில் என்ன நினைவிருக்கும்?

இந்த ஜூனில் என் மகளை அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். புதுப் பிள்ளைகளை வரவேற்கும் பிரவேசனோற்சவம் என்று வாசலெல்லாம் பலூன், பிள்ளைகளுக்குத் தொப்பி, லட்டு. ஒன்றாம் வகுப்பு இப்போதும் மேற்குக் கோடியில்தான். மகள் லட்டு வாங்கப் போன நேரம் பார்த்து நான் உள்ளே நழுவி, மேற்குச் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். ஜன்னலுக்குக் கீழே முடி கனத்தில் ஒரு வெடிப்பு. சிமெண்ட் பூச்சில் எங்கும் வருவதுதான். ஆனாலும் விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"கொட்டை கொண்டாந்தீங்களாக்கா?"

திரும்பினேன். அவள் நின்றிருந்தாள், தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தப் பிள்ளையின் காதில் இப்போதுதான் குத்திய சின்னக் கம்மல். நான் கொட்டை செருகியதை அவள் அன்றைக்கே பார்த்திருக்கிறாள், மறக்கவும் இல்லை. அன்றைக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று முப்பது வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை, பாதி விழுங்கி, பாதி சொன்னேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. குனிந்து வெடிப்பை விரல் நகத்தால் ஒரு தடவை கீறிப் பார்த்தாள்.

"நானு விடிஞ்சா மில்லு வேலைக்குப் போயிருவனுங்க. ஏதாச்சும் பயமாத் தோணுச்சுன்னா, ரெண்டு பேத்தையும் கூட்டிட்டு வந்துருங்க."

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நான் சரி என்றேன்.