குசினி யன்னலில் இருந்த கற்பூரவள்ளி

வெளியில் நட்டால் கோழி கிளறிப் போடும் என்று, ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டில் சமைக்கிற குசினி யன்னலில், பழைய பால்மாப் பேணியில் கற்பூரவள்ளி வளர்க்கிறேன். மகளின் இருமலுக்கு அதுதான் மருந்து.

போன வருடம் மலேரியாவுக்கு வீட்டுச் சுவரெல்லாம் மருந்தடிக்க இருவர் வந்தார்கள். அரிசி, தண்ணீர்க்குடம், துணிமணி எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டு போனோம். பேணியையும் தூக்கினேன். "செடிதானே அக்கா, இருக்கட்டும். மருந்து பட்டால் பூச்சியும் பிடியாது" என்றார் ஒருவர். காக்கிச் சட்டை போட்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் வைத்துவிட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

நாலாம் நாள் மகளுக்கு இருமல். இலையைப் பிடுங்கி அலசி, தணலில் வாட்டிப் பிழிந்தேன். கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோகும்போதுதான் பூச்சிமருந்து நெடி அடித்தது. யன்னலடியில் போய்ப் பார்த்தால், சுவரில் இருந்த அதே வெள்ளை இலைகளிலும் படிந்திருந்தது. அப்படியே வெளியே கொட்டினேன்.

அடுத்த கிழமை அந்த மனிதரை ஒழுங்கையில் கண்டு கேட்டேன். "பிழிஞ்சு பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லி நான் சொன்னனானே?" என்றார், சைக்கிளை விட்டு இறங்காமலே.

"குசினிக்குள்ள வளர்க்கிறது பின்னை வடிவு பாக்கவோ?" என்றேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் செடியைப் புதைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தேன். இம்முறை அவர்கள் மருந்தடிக்க வந்தபோது, அரிசியைத் தொட முதல் பேணியை அதே மனிதர் கையிலேயே கொடுத்தேன். முற்றத்தில் வைத்துவிட்டு வரும்வரை வாசலை விட்டு நான் விலகவில்லை.