எட்டாவது துளை

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குத் தம்பிராஜாவுக்குத் தேநீர்த் தாகம் எடுத்துவிடும். பட்டறைப் பூட்டில் நுழைத்த சாவியைத் திருப்பாமலே உருவிக்கொண்டு, காஜா பேராங் சாலையைக் கடந்து எதிர்க்கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பார். சனிக்கிழமைத் தாகம் ஒன்பது மணிக்கு, வெள்ளிக்கிழமைத் தாகம் பத்தரைக்கு. செவ்வாயன்று மட்டும் பாவம், மூன்று மணி வரை எச்சிலை விழுங்கிக்கொண்டு வேலை பார்ப்பார். பஞ்சாங்கத்தில் ராகு காலம் என்று போட்டிருக்கும் நேரத்துக்கும் இந்தத் தாகத்துக்கும் உறவு உண்டா என்று யாராவது கேட்டுவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"நமக்கு அந்த மூடப்பழக்கமெல்லாம் கெடையாது லா. தாகம்னா தாகம். ஒடம்புக்குக் கெழமை தெரியுமா?"

அவர் பகுத்தறிவுக்காரர். பட்டறைச் சுவரில் சாமி படம் இல்லை. ஒரு கடிகாரமும், பகுத்தறிவுச் சங்கக் கூட்டத்தில் அவர் ஒலிபெருக்கி முன்னால் விரலை நீட்டிக்கொண்டு நிற்கும் படமும் தொங்குகின்றன. வீட்டில் திருநீற்றுத் தட்டைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார். "பஞ்சாங்கம் பாத்து தாகம் எடுக்குற மனுசன் மலாக்காவுலயே இவரு ஒருத்தருதான்" என்று மனைவி பூங்காவனம் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பது அவர் காதில் விழாமல் இல்லை. கேட்காததுபோல் இருந்துவிடுவார்.

தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். சண்டைக் காலத்தில் ராணுவம் விட்டுவிட்டுப் போன ஜீப்புகள் மற்ற பட்டறைகளில் உயிரை விட்டபின் இவரிடம் வரும். அளவுகோல் பிடிக்கத் தெரியாது, பிடிக்கவும் மாட்டார். மண்ணெண்ணெய்ப் பெட்டி அட்டையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுப்பார். வண்டிச் சட்டத்துத் துளைகளின் விளிம்பில் விளக்குக்கரியைத் தடவி அட்டையை அழுத்தினால், எங்கெங்கே துளை போடவேண்டுமோ அங்கெல்லாம் கரிப்பொட்டு விழும். அந்த அட்டைதான் வரைபடம். அப்படி வெட்டிய தகடு நூலளவு பிசகியதாக யாரும் சொன்னதில்லை.

மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தோட்டத்து வைத்திய உதவியாளரான டிரெசர் தேவதாஸ் தன் ஜீப்பைக் கொண்டுவந்தார். ஏழு தோட்டங்களுக்கும் மருந்துப் பெட்டியோடு போய் வருகிறவர் அவர் ஒருவர்தான். பழைய ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்ததில் செம்மண் சடக்குப் பாதையெல்லாம் அடிக்கட்டைகள். போன வருடம் ஒரு கட்டை ஜீப்பின் எண்ணெய்ச் சட்டியை உடைத்துவிட்டது. பன்னிரண்டாம் மைல் தோட்டத்து அஞ்சலை வலியோடு வண்டிக்குள் கிடக்க, வண்டி நடுச்சடக்கில் நின்றது. தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

"அவ மறுபடி முழுகாம இருக்கா, தம்பிராஜாண்ணே. அடியில கனமா ஒரு தகடு போட்டுக் குடுங்க. இனிமே எந்தக் கட்டையும் சட்டியைத் தொடக்கூடாது."

தம்பிராஜா உருகிப்போய்விட்டார். தனக்கென்று ஒளித்து வைத்திருந்த இரும்பையே வெளியே எடுத்தார். காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகளின் குண்டு பறந்த நாட்களில் ஒரு தோட்டத்துத் துரை தன் மோட்டார் காடியின் கதவில் பதித்திருந்த தகடு அது. "துரை உசுரைக் காப்பாத்துன இரும்பு, நம்ம சனத்துக்கும் கொஞ்சம் ஒழைக்கட்டும்" என்றார். அட்டையை அழுத்தினார். பக்கத்துக்கு நான்காக எட்டுக் கரிப்பொட்டு விழுந்தது. எட்டையும் இரண்டு தடவை எண்ணினார். எட்டு சனியின் எண் என்று ஊரில் சொல்வது அவர் காதிலும் விழுந்திருக்கும். பிறகு, கை தவறிப் பட்டதுபோல, இடது முன்மூலைப் பொட்டைக் கட்டைவிரலால் அழித்துவிட்டார்.

மாட்டி முடித்ததும், எதிரே, மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த விநாயகம் குனிந்து எண்ணிவிட்டு, "துஜோ சாஜா?" என்று மலாயில் கேட்டார், ஏழுதானா என்று. "சுக்குப்" என்று ஒரே சொல்லில் போதும் என்றார் தம்பிராஜா.

தேவதாஸ் அதோடு விடுவதாக இல்லை. "சட்டத்துல எட்டு எடம் இருக்கே அண்ணே?"

"இரும்பு வெயிலுக்கு விரியும் ஐயா. ஒரு மூலை சும்மா இருந்தாத்தான் மூச்சு விடும். அதுவும் போக, எட்டுங்குறது வெள்ளக்காரன் கணக்கு. அவனே மூட்டை கட்டிக்கிட்டுக் கெளம்புறான். அவன் கணக்கை நாம ஏன் சொமக்கணும்?"

சுதந்திரத்தை இவ்வளவு சுலபமாக யாரும் விளக்கியதில்லை. ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் கொடித்துணி வாங்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லி, நாலு பேரைத் தலையாட்டவும் வைத்தார்.

மூச்சு விட விட்ட மூலை ஒன்பதாம் நாள் கட்டையில் மாட்டிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், மடங்கித் தொங்கிய தகட்டைக் கம்பியால் கட்டிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தது ஜீப். பாதையைக் குறை சொன்னார் தம்பிராஜா. மறுநடவைக் குறை சொன்னார். ஓட்டின கையைக்கூட லேசாகக் குறை சொன்னார். தேவதாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"காலையில அஞ்சலையைப் பாத்தேன். புள்ள குறுக்க கெடக்கு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்தே ஆகணும். ஏத்திக்கிட்டு வரலாம்னு பாத்தா, தகடு தொங்குது. பயந்து வுட்டுட்டு வந்துட்டேன். பொழுது சாயுறதுக்குள்ள திரும்பிப் போகணும்."

கடிகாரம் மூன்று அடித்தது. தம்பிராஜா உதட்டை நாவால் தடவிக்கொண்டார்.

"செஞ்சிரலாம் ஐயா. ஒரு தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு…"

தேவதாஸ் சாலையைக் கடந்து போனார். ஒரு குவளைத் தேநீரோடு திரும்பி வந்து, பட்டறை மேசைமேல் சூடாக வைத்தார்.

இனிச் சொல்ல என்ன இருக்கிறது? தம்பிராஜா அந்தக் குவளையைப் பார்த்தார். சுவரில் விரல் நீட்டி நின்ற தன்னையே பார்த்தார். தேநீரைத் தொடாமல் துளைக்கருவியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் நுழைந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. உண்மையான பயம். எட்டுப் போட்டு அந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால்? போடாமல் ஒன்று ஆகிவிட்டால்? நெருப்புக் காட்டி மூலையை நிமிர்த்தினார். துரையின் இரும்பு லேசில் இடம் கொடுக்கவில்லை. இரண்டு துளைமுனைகள் மழுங்கின. வியர்வை காதுக்குள் வழிந்தது. ராகு காலம் சரிபாதி கழிந்தபோது துளை விழுந்தது. போல்ட்டை நுழைத்து, இறுக்க முடுக்கினார்.

முடித்தபின் உடனே வெளியே வரவில்லை. வண்டிக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. எட்டாவது போல்ட்டை இரண்டு கையாலும் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எழுந்து நின்றவரின் இரண்டு இமைகளிலும் கறுப்பு எண்ணெய் அப்பியிருந்தது. தேவதாஸ் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பிறகு அந்த இமைகளைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். தம்பிராஜா அதை வாங்கி, விரல் விரலாகக் கையை மட்டும் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.