முனியாண்டிக் கல்லும் அரசாங்க வேலையும்

இதை எழுத எத்தனையோ வருஷம் தயங்கினேன். அரசாங்கத்துப் பென்ஷனைச் சாப்பிட்டுக்கொண்டே அரசாங்கத்தைப் பற்றி எழுதுவதா என்று ஒரு பயம். சாமி காரியத்தைக் காகிதத்தில் இறக்கினால் தற்பெருமை ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். தோட்டத்துப் பள்ளியில் கொஞ்சம்தான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? எழுதிவிடுகிறேன்.

நான் மலாயாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். கல்யாணமான புதிதில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் வந்தது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, அதில் காவல் போட்டார்கள். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுக்காரனுக்கு ஒரு பிடி அரிசி போய்ச் சேரக்கூடாது என்பது சட்டம். வேலைக்குப் போகிறவன் மதியச் சோறுகூடக் கட்டிக்கொண்டு போக முடியாது.

என் வீட்டுக்காரிக்குத் தலைப்பிரசவ வலி வந்தது ஊரடங்கு நேரத்தில். கேட்டுக்கு ஓடினேன். காவல்காரன் நல்லவன்தான், ஆனால் தோட்டத்துத் துரை சொல்லாமல் திறக்க அவனுக்கு உத்தரவில்லை. துரையிடமிருந்து உத்தரவு வருவதற்குள் பிள்ளை செத்துப் பிறந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கமே புதைத்தோம்.

அதற்குப் பிறகுதான் மாநில அரசாங்கத்து ரோட்டு வேலைக்குப் போனேன். தோட்டத்தில் கேலி செய்தார்கள். "பால் வெட்டுற கத்திய வெச்சிட்டுப் பாராங்கைத் தூக்கிட்டான், பெரிய கவர்மெண்டு உத்தியோகம் லா" என்றார்கள். பாராங் என்றால் புதர் வெட்டுகிற பெரிய கத்தி. சிரித்துவிட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டேன். அரசாங்க வேலையில் நல்லது இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மழை பெய்தால் தோட்டத்தில் வெட்டில்லை, சம்பளமும் இல்லை. இங்கே மழையானாலும் சம்பளம் உண்டு. ரோட்டோரம் எங்களுக்கென்று வரிசை வீடு கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் படுக்கை உண்டு. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரியது ஒன்று: அரசாங்க ஆள் என்றால் எந்த நேரத்திலும் கேட் திறக்கும். அந்த ஒன்றுக்காகத்தான் போனேன். அவள் வயிற்றில் மறுபடி ஒரு பிள்ளை வந்தபோது, இந்தப் பிள்ளைக்குக் கேட் திறக்கும் என்று நினைத்துத்தான் தூங்கினேன்.

கெட்டது? அதுவும் இருந்தது. தோட்டத்துக்காரர்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள், போலீஸுக்குச் சொல்கிற ஆளோ என்று. காட்டுக்காரனுக்கோ நாங்கள் வெள்ளைக்காரனின் ஆள், சுட்டால் தப்பில்லை. அதையெல்லாம் தாங்கிவிடலாம். அரசாங்கம் கையில் கத்தியைக் கொடுத்து வெட்டு என்றால், எதை வெட்டுகிறோம் என்று கேட்க முடியாது. அதுதான் பெரிய கெடுதல்.

புதரில் பதுங்கி லோரிகளைச் சுடுகிறார்கள் என்று, ரோட்டின் இரண்டு பக்கமும் புதரையும் மரத்தையும் வெட்டி வெளியாக்கச் சொன்னார்கள். நாளுக்கு நாள் வெட்டிக்கொண்டே வந்தோம். எங்கள் பழைய தோட்டத்துக்குப் போகிற வளைவில் ஒரு மரம், அதனடியில் ஒரு கல், ஒரு சூலம். முனியாண்டி. அந்த வழியாகப் போகும் லோரிக்காரன்கூட நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் போவான். இந்தப் பிள்ளை உயிரோடு பிறந்தால் கிடா வெட்டுகிறேன் என்று நானும் அவளும் அங்கேதான் வேண்டிக்கொண்டிருந்தோம்.

யாரோ அங்கே அவித்த முட்டையும் சுருட்டும் படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ரோந்து வந்த பட்டாளத்தார் பார்த்துவிட்டார்கள். சாமி பெயரைச் சொல்லிக் காட்டுக்காரனுக்குச் சாப்பாடு வைக்கிற இடம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மரத்தை வெட்டு, கல்லையும் சூலத்தையும் பிடுங்கிக் கால்வாயில் போடு என்று எங்கள் கேங்குக்கு உத்தரவு. மேற்பார்வைக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து நின்றார். துவான் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். உத்தரவை எங்களுக்குச் சொன்னவர் கேங்கை நடத்துகிற எங்கள் மண்டோர். தமிழர், என்னைவிட மூத்தவர்.

"டேய், நீதான் முன்னால நிக்கிற. மொதல்ல அந்தச் சூலத்தப் புடுங்கு."

"புதரை வெட்டுறேன் அண்ணே. சூலத்தத் தொடமாட்டேன்."

"துவான் பாத்துக்கிட்டு நிக்கிறாரு, வெளாடாத."

"வெளாடல. தொடமாட்டேன்."

"ஏண்டா, ஒன் முனிக்கு அடையாளக் கார்டு இருக்கா? கார்டு இல்லாதவனெல்லாம் இப்ப காட்டுக்காரந்தான் லா!"

கேங்கே சிரித்தது. எனக்கும் உதட்டில் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. ஆனால் கை நகரவில்லை. என்ன தாமதம் என்று துவான் மலாயில் கேட்டார். வெயிலில் இவனுக்குத் தலை சுற்றுகிறதாம் என்று மண்டோர் மலாயில் பொய் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். பேசாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தப்பியிருப்பேன். வேறொருவன் சூலத்தைப் பிடுங்கியிருப்பான்.

எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் நானே சொன்னேன். எனக்குத் தலை சுற்றவில்லை. இது எங்கள் சாமி. அரசாங்க வேலை எதுவானாலும் செய்வேன், இதைச் செய்யமாட்டேன். படைத்ததைக் காட்டுக்காரன் தின்னவில்லை, கும்பிட்டுவிட்டு நாங்கள்தான் தின்கிறோம். சந்தேகமிருந்தால் வெள்ளிக்கிழமை இங்கே வந்து நில்லுங்கள், யார் வாயில் போகிறது என்று பாருங்கள்.

அவர் கோபப்படவில்லை. "அப்படியானால் பாராங்கைக் கீழே வை. இன்றைக்கே வீட்டைக் காலி பண்ணு" என்றார்.

வீடு என்றதும் அவளுடைய வயிறு கண் முன்னால் வந்தது. மறுபடி லயம், மறுபடி அந்தக் கேட். என் கால் நடுங்கியது. நடுங்கிக்கொண்டேதான் பாராங்கைத் தரையில் வைத்தேன்.

என் பக்கத்தில் வேலை செய்தவர் ஒரு மலாய்க்காரர். அவர் மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். "இது டத்தோ இருக்கிற இடம் துவான். நானும் தொடமாட்டேன்" என்று சொல்லித் தன் பாராங்கை என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். டத்தோ என்றால் இடத்தைக் காக்கிற ஆவி, அது மலாய்க்காரர்களின் நம்பிக்கை. பிறகு ஒருவர் பின் ஒருவராக வைத்தார்கள். அதுவரை சிரித்தவர்கள்தான் வைத்தார்கள். மண்டோர் மட்டும் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். அன்றைக்கு அவரால் அவ்வளவுதான் முடிந்தது. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

பட்டாளத்தாருக்கோ சீக்கிரம் ரோட்டோரம் வெட்டவெளியாக வேண்டும். துவான் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். மரத்தின் தாழ்ந்த கிளைகளையும் சுற்றியுள்ள புதரையும் ஒட்ட வெட்டுங்கள், கல் இருக்கட்டும், சாப்பிடுகிற பண்டம் எதுவும் வைக்கக்கூடாது என்றார். பாராங்கை எடுத்துக்கொண்டோம். போகும்போது என்னைக் கைகாட்டி, "இந்த ஆள் இனி இந்த ரோட்டில் வேண்டாம்" என்றார்.

மறுநாள் சொன்னார்கள்: வேலை போகவில்லை, கலும்பாங்குக்கு மாற்றல். லோரிகளைச் சுடுகிற இடம் என்று அப்போது எல்லோரும் பயந்த பக்கம் அது. வீட்டை உடனே விட வேண்டும். அவளுக்கோ நிறைமாதம்.

அவளிடம் சொன்னேன். சட்டியைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "சாமிக்காகப் பேசினீங்க, சரி. என் வயித்துல இருக்கிறதுக்காக யாருங்க பேசுறது?"

அவள் கட்டிய மூட்டையைத் தூக்கி வாசலில் வைத்தேன்.

எங்கள் சாமானை ஏற்ற அரசாங்க லோரியே வந்தது. ஓட்டியவர் ஒரு தமிழ் முஸ்லிம், பாய் என்று கூப்பிடுவோம். ராவாங் தாண்டி வடக்கே போகும்போது அவளுக்கு வலி கண்டுவிட்டது. கொஞ்ச தூரத்தில் ரோட்டுத் தடுப்பு. தட்டுமுட்டு எல்லாவற்றையும் இறக்கிச் சோதிக்க வேண்டும் என்றார்கள். இன்னொரு கேட். துவானிடம் அவ்வளவு பேசியவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

பாய்தான் இறங்கிப் போய் மலாயில் கத்தினார். திரும்பி வந்து எனக்குத் தமிழில் சொன்னார்: "கவர்மெண்டு லோரி, கவர்மெண்டு ஆளு. சாமானை எறக்கணும்னா புள்ளையையும் நீங்களே எறக்கிக்குங்கன்னு சொல்லிட்டேன். ஏறுங்க தம்பி!"

லோரியின் பக்கத்திலிருந்த அரசாங்க முத்திரையைப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள், தடுப்பைத் தூக்கினார்கள். நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பெண் பிள்ளை. அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு வராந்தாவில் விழுந்து கும்பிட்டேன்.

முனி காப்பாற்றினான் என்று நான் நம்புகிறேன். என் நம்பிக்கையை யாரிடமும் அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அரசாங்கம்தான் காப்பாற்றியது என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நிறைமாதக்காரியை ரோட்டில் ஏற்றியதும் அதே அரசாங்கம்தான். அதன் சோற்றை உழைத்துத்தான் தின்றேன். கலும்பாங்கில் பல காலம் ரோடு போட்டேன், ஒருநாளும் வேலையில் குறை வைக்கவில்லை. அதற்காக நன்றி சொல்லிக் குனியவும் மாட்டேன், வைது தூற்றவும் மாட்டேன். இன்றைக்கு அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அதே சூலத்தைப் பிடுங்கச் சொன்னாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். அவளுடைய கேள்விக்குப் பதில் தெரியாமலே சொல்வேன்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். முனி வந்து பேசினான் என்று சேர்க்க வேண்டாம், அவன் பேசவில்லை. துவானை அரக்கனாக்க வேண்டாம். மலாய்க்காரர் பாராங்கைக் கீழே வைத்ததை விட்டுவிட வேண்டாம். என் கால் நடுங்கியதையும் எடுத்துவிடாதீர்கள்.